டில்லி முற்றுகையும் கருமருந்துத் தட்டுப்பாடும்

டில்லியில் காஷ்மீர் வாயிலுக்கு அண்மையில், லோதியன் சாலையின் நடுவே, பழைய செங்கல் வாயில் ஒன்று நிற்கிறது. ஊர்திகள் அதன் இருபுறமும் விரைகின்றன. நின்று நோக்குவோர் சிலரே. கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆயுதக் கிடங்கில் எஞ்சிய பகுதி அது. 1857ஆம் ஆண்டு மே மாதம் 11ஆம் நாள், மீரட்டிலிருந்து வந்த சிப்பாய்கள் நகரினுள் புகுந்தபோது, வில்லோபி என்னும் இளம் அதிகாரியும் அவருடன் இருந்த எண்மரும் இக்கிடங்கைச் சில மணி நேரம் காத்து நின்றனர்; இனிக் காக்க இயலாது என்று கண்டபின் தாமே அதற்குத் தீயிட்டனர். அந்த ஓசை மீரட் வரையில் கேட்டது என்பர்.

பள்ளிப் பாடநூல்களில் இந்நிகழ்ச்சி, கிளர்ச்சியாளரின் வெடிமருந்தை ஒரே நொடியில் அழித்த செயலாகக் கூறப்படுவதுண்டு. உண்மை அவ்வளவு எளிதன்று. நகரின் நடுவே பெருமளவில் மருந்தை வைத்திருப்பது ஆபத்து என்று கருதி, சில ஆண்டுகளுக்கு முன்பே அதன் பெரும்பகுதியை நகருக்கு வடக்கே, வஜீராபாத்தை அடுத்த தனிக் கிடங்குக்கு மாற்றியிருந்தனர். அக்கிடங்கு வெடிக்கவில்லை, அதன் சரக்கு கிளர்ச்சியாளர் கைக்கும் சுற்றுப்புறத்துச் சிற்றூரார் கைக்கும் போய்ச் சேர்ந்தது. நகரக் கிடங்கிலுங்கூட பீரங்கிகளும் குண்டுகளும் ஏராளமாக எஞ்சின. எனினும் ஆகஸ்டு மாதத்தில் டில்லியில் மருந்துத் தட்டுப்பாடு தோன்றிவிட்டது. அந்தத் தட்டுப்பாட்டின் இயல்பு என்ன, எந்தப் பொருள் முதலில் தீர்ந்தது, எதை உள்ளூரில் செய்துகொள்ள முடிந்தது, எதை முடியவில்லை என்பனவே இக்கட்டுரையின் பொருள். ஆசிரியர்களுக்கு இது வரலாற்றுப் பாடமாகவும் இரசாயனப் பாடமாகவும் ஒருங்கே பயன்படும். மண்ணையும் கிணற்று நீரையும் ஆராயும் களப்பணியாளருக்கும் இதில் சில செய்திகள் உண்டு.

மூன்று சரக்குகள்

கருமருந்து என்பது வெடியுப்பு, கந்தகம், மரக்கரி ஆகிய மூன்றின் கலவை. அதன் எடையில் ஏறக்குறைய முக்கால் பங்கு வெடியுப்பே. கரியும் கந்தகமும் எரிபொருள்கள். அவை எரிவதற்கு வேண்டிய பிராணவாயுவைத் தன்னுள்ளே அடக்கி வைத்திருப்பது வெடியுப்பு. ஆதலால்தான் அடைபட்ட துப்பாக்கிக் குழலினுள்ளும், வெளிக்காற்றின் துணையின்றி, மருந்து எரிகிறது. வெடியுப்பின் இரசாயனப் பெயர் பொட்டாஸியம் நைட்ரேட்.

மூன்றில் மரக்கரியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மரம் உள்ள இடமெல்லாம் கரி உண்டு. எஞ்சிய இரண்டும் நேர் எதிரான இயல்புடையவை. ஒன்றில் நம் நாடு உலகிலேயே செல்வம் மிக்கதாக இருந்தது, மற்றொன்றில் வறுமையுற்றிருந்தது.

மண்ணில் விளைந்த உப்பு

கங்கைச் சமவெளியில், சிறப்பாகப் பீகாரில் சாரண், சம்பாரண் முதலிய மாவட்டங்களிலும், மேற்கே டில்லியைச் சூழ்ந்த பகுதிகளிலும், பழைய ஊர்மேடுகளின் மண்ணில் வெடியுப்பு இயற்கையாகவே பூக்கிறது. இதற்கு மூன்று காரணங்கள் ஒன்றுகூட வேண்டும். மக்களும் கால்நடைகளும் நெருங்கி வாழும் ஊரில் சிறுநீரும் சாணமும் தலைமுறை தலைமுறையாக மண்ணில் சேர்கின்றன. அவற்றிலிருந்து பிறக்கும் அம்மோனியாவை மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் முதலில் நைட்ரைட்டாகவும் பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. சாணவறட்டியும் விறகும் எரித்த சாம்பல் பொட்டாஷைத் தருகிறது. இவ்விரண்டும் இருந்தும், மழை மிகுந்தால் உப்பு கரைந்து ஆழத்திற்குப் போய்விடும். வட இந்தியாவில் மழைக்குப்பின் நீண்ட வறட்சி நிலவுகிறது. அப்போது ஈரம் மண்ணின் நுண்துளைகள் வழியே மேலேறி, நீர் ஆவியாக, உப்பு மட்டும் மேற்பரப்பில் வெண்மையாகப் படிகிறது.

நைட்ரேட் உண்டாவது உயிர்களின் வேலை என்பதை ஷ்லோசிங், முன்ட்ஸ் என்னும் பிரெஞ்சு அறிஞர் இருவர் 1877ஆம் ஆண்டில் காட்டினர். அவ்வுயிர்களைத் தனித்துப் பிரித்து வளர்த்தவர் ருஷ்ய அறிஞர் வினோகிராட்ஸ்கி. ஆனால் வடநாட்டில் நோனியர் எனப்படும் மக்கள், காரணம் அறியாமலே, இம்மண்ணை நூற்றாண்டுகளாகச் சுரண்டி எடுத்து, நீர் வார்த்து வடித்து, காய்ச்சி உப்பெடுத்து வந்தனர். எந்தச் சுவரோரம், எந்த மேடு, எந்தத் திங்கள் என்பதை அவர்கள் நாவால் சுவைத்தே அறிந்தனர். தமிழ்நாட்டிலும் இத்தொழில் இருந்தது. உப்பிலியர் என்னும் மக்கள் வெடியுப்புக் காய்ச்சியதை எட்கர் தர்ஸ்டன் 1909ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் குறித்துள்ளார். இதனைச் சலவைக்கு உதவும் உவர்மண்ணோடு மயங்குதல் கூடாது. உவர்மண்ணின் காரம் பெரும்பாலும் ஸோடியம் கார்பொனேட், வெடியுப்பு வேறு.

உப்பு மேலேறி வரும் முறையை வகுப்பில் காட்டுவதற்கு வெடியுப்பு தேவையில்லை. உலர்ந்த செங்கல் ஒன்றைச் சாப்பாட்டு உப்பைக் கரைத்த நீரில் கால்பாகம் மூழ்குமாறு நிறுத்தி, வெயிலும் காற்றும் படும் இடத்தில் சில நாட்கள் வைத்தால் போதும். நீர் மட்டத்திற்கு மேலே செங்கல்லின் மேற்புறம் வெண்மை பூத்துவிடும். வீட்டுச் சுவர் பொரிந்து உதிர்வதும் இதே வகையால்தான்.

களப்பணியாளர் இங்கே ஒன்றைக் கருத வேண்டும். வெடியுப்பை விளைவித்த அதே செயல்தான் பயிருக்கு உணவையும் தருகிறது. அதே செயல்தான் ஊர்க் கிணற்றின் நீரையும் கெடுக்கிறது. குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராம் நைட்ரேட்டுக்கு மேல் இருத்தல் ஆகாது என்பது இந்தியத் தர அளவு. பழைய ஊர்மேட்டை ஒட்டிய கிணறுகளை ஆராயும்போது இதனை நினைவிற் கொள்வது நன்று.

மண்ணிலிருந்து வடித்த நீரில் வெடியுப்புடன் சாதாரண உப்பும் கலந்தே இருக்கும். இரண்டையும் பிரிக்க இயற்கையே வழி செய்திருக்கிறது. 100 கிராம் நீர், கொதிநிலையில் ஏறக்குறைய 245 கிராம் வெடியுப்பைக் கரைக்கும். 20 பாகை வெப்பத்தில் 32 கிராமை மட்டுமே கரைக்கும். சாதாரண உப்பின் அளவோ 36 கிராமுக்கும் 39 கிராமுக்கும் இடையிலேயே நிற்கிறது. ஆகவே கொதிக்கும் கரைசல் ஆறும்போது வெடியுப்பு படிகமாக இறங்க, சாதாரண உப்பு நீரிலேயே தங்கிவிடும். கரைதிறன் என்னும் பாடத்திற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டுக் கிடைப்பது அரிது.

இந்த உப்பின் மேல் உலகத்தின் கண் இருந்தது. பிளாசிப் போருக்குப்பின் பீகாரின் வெடியுப்பு வாணிகம் முழுவதும் கம்பெனியின் கைக்குச் சென்றது. அதனை இழந்த பிரான்சு தன் மண்ணையே சுரண்ட வேண்டியதாயிற்று. 1775ஆம் ஆண்டில் அதற்கென அமைந்த அரசாங்க நிர்வாகத்தில் பெரும் இரசாயன அறிஞராகிய லவாய்சியரே இடம்பெற்றார். 1861ஆம் ஆண்டின் இறுதியில், உள்நாட்டுப் போரில் இறங்கியிருந்த அமெரிக்க வட மாநிலங்களின் சார்பில் லாமட் டு பான்ட் என்பவர் லண்டனுக்குச் சென்று, அங்கே கிடைத்த இந்திய வெடியுப்பை மொத்தமாக வாங்க முயன்றார். அப்பொழுது டிரென்ட் என்னும் கப்பலில் சென்ற தென் மாநிலத் தூதர் இருவரை வட மாநிலத்தார் பிடித்துக்கொண்டதால் இரு நாடுகளுக்கும் பகைமை மூண்டது. பிரிட்டிஷ் அரசாங்கம் உடனே வெடியுப்பு ஏற்றுமதியைத் தடுத்தது. தூதர்கள் விடுவிக்கப்பட்ட பின்னரே சரக்கு கப்பலேறியது. பீகாரின் சிற்றூர்ச் சுவரோரங்களில் சுரண்டிய மண், இவ்வாறு அட்லாண்டிக் கடலின் இரு கரைகளிலும் அரசியலை அசைத்தது!

டில்லிக்கு இதனால் விளங்குவது என்ன? 1857ஆம் ஆண்டின் டில்லி, வெடியுப்பு விளையும் நிலத்தின் நடுவே இருந்த நகரம். ஆங்கிலேயரின் படை வடக்கே மேட்டு வரிசையில் மட்டுமே தங்கியிருந்தது; தெற்கும் கிழக்கும் திறந்தே கிடந்தன. மருந்தின் முக்கால் பங்கான சரக்கு கிடைப்பதற்கு இயற்கையில் தடை ஏதும் இல்லை.

கந்தகம்

கந்தகத்தின் நிலை வேறு. எரிமலைப் பகுதிகளில் கந்தகம் தனிப்பொருளாகக் கிடைக்கும். நம் நாட்டிலோ அந்தமானை அடுத்த பாரன் தீவு, லடாக்கில் பூகா பள்ளத்தாக்கு ஆகிய ஒதுக்கிடங்களில் சிறிதளவே உண்டு. அக்காலத்தில் உலகுக்குக் கந்தகம் அளித்தது பெரும்பாலும் ஸிஸிலித் தீவு. 1838ஆம் ஆண்டில் நேப்பிள்ஸ் மன்னர் அதன் வாணிகத்தைப் பிரெஞ்சுக் கூட்டு ஒன்றுக்குத் தனியுரிமையாகக் கொடுத்தபோது, பிரிட்டன் தன் போர்க்கப்பல்களை அனுப்பும் அளவுக்குச் சினமுற்றது. கந்தகத்தின் அருமை அத்தகையது.

டில்லிக் கடைத்தெருவில் கந்தகம் இல்லாமலில்லை. வைத்தியருக்கும் வாணம் செய்வோருக்கும் அது வேண்டும். ஆதலால் பசாரிக் கடைகளில் இருந்தது. ஆனால் அது வெளியிலிருந்து வந்து சேர்ந்த சரக்கு. செலவழிந்தால் மீண்டும் விளையாது. முற்றுகையிட்ட நகரில் இவ்வேறுபாடு பெரிது. இன்று நம் நாட்டுக் கந்தகத்தின் பெரும்பகுதி மண்ணிலிருந்து தோண்டப்படுவதன்று. கச்சா எண்ணெயைத் தூய்மை செய்யும் ஆலைகளில் துணைப்பொருளாகக் கிடைப்பதும் இறக்குமதி ஆவதுமே ஆகும்.

சூடிவாலான் ஆலை

கிளர்ச்சியாளர் புதிதாக மருந்து செய்ய முற்பட்டனர். நகரக் காவலதிகாரியாகிய கொத்தவாலின் அலுவலகத் தாள்களும் அரண்மனைத் தாள்களும் பின்னர் ஆங்கிலேயரிடம் சிக்கின. அவை இன்று டில்லியிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. உருதுவிலும் பாரசீகத்திலும் விரைவெழுத்தாக எழுதப்பட்ட ஆயிரக்கணக்கான துண்டுகள் அவை. அவற்றின் அட்டவணை 1921ஆம் ஆண்டில் வெளியாயிற்று. மருந்து தயாரிப்புக்கு வேண்டிய சரக்கும் ஆட்களும் கேட்டு எழுதிய கட்டளைகள், கட்டிலுக்கும் தண்ணீர் சுமப்போருக்கும் வண்டி மாட்டுக்கும் எழுதிய கட்டளைகளோடு அவற்றில் கலந்து கிடக்கின்றன. போர் என்பது பெரும்பாலும் இத்தகைய சிறு சீட்டுகளால்தான் நடக்கிறது என்று அவற்றைப் படிப்போருக்குத் தோன்றும்.

மருந்தாலை நகருக்குள், சூடிவாலான் பகுதியில் ஒரு பெரிய மாளிகையில் நடந்தது. ஆகஸ்டு 7ஆம் நாள் அது வெடித்தது. அங்கு வேலை செய்த பலநூறு தொழிலாளர் மாண்டனர். அவர்களின் பெயர்கள் எந்த நினைவுத் தூணிலும் இல்லை. நகரம் சினத்தால் கொதித்தது. இது துரோகிகளின் செயல் என்று கூறி, பேரரசர் பகதூர் ஷாவின் வைத்தியரும் ஆலோசகருமாகிய ஹக்கீம் அஹ்ஸனுல்லா கானின் வீட்டைச் சிப்பாய்கள் சூறையாடினர். அவரும் உயிருக்கு அஞ்ச வேண்டியதாயிற்று.

துரோகமா விபத்தா என்பது அன்று போலவே இன்றும் தீர்க்கப்படாத வினா. கருமருந்தின் இயல்பை அறிந்தவருக்கு விபத்து என்று எண்ணுவதில் தடையில்லை. உராய்வு, ஒரு சிறு பொறி, தரையில் படிந்த நுண்தூள், எரியும் ஹுக்கா — இவற்றில் ஒன்று போதும். அமைதிக் காலத்தில், தேர்ந்த தொழிலாளருடன், சட்டதிட்டங்களுக்கு உட்பட்டு நடந்த ஐரோப்பிய, அமெரிக்க ஆலைகளே அடிக்கடி வெடித்துள்ளன. அதனால்தான் அங்கே ஆலையைத் தனித்தனிச் சிறு கட்டிடங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் இடையே வெளி விட்டு, ஒன்று போயினும் மற்றவை நிற்குமாறு அமைத்தனர். டில்லியிலோ அவசரமும் நெருக்கமும் சேர்ந்து எல்லாவற்றையும் ஒரே கூரையின்கீழ்க் கொண்டுவந்தன. பற்றாக்குறையைத் தீர்க்கும் அவசரம், இருந்த சரக்கையும் கைத்திறன் அறிந்த ஆட்களையும் ஒருங்கே அழித்துவிட்டது. மருந்தை மீண்டும் சேகரிக்கலாம். அதைச் செய்யத் தெரிந்த கைகளை ஒரு மாதத்தில் எங்கே பெறுவது?

சிறு செப்புத் தொப்பி

இதுவரை கூறியது மருந்தைப் பற்றியது. ஆனால் மருந்து தானே தீப்பற்றுவதில்லை. அதற்குத் தீ மூட்டும் முறை நூற்றாண்டுக்கு நூற்றாண்டு மாறி வந்தது. முதலில் இருந்தது திரித் துப்பாக்கி. புகையும் கயிற்றுத் திரியைக் கிண்ணத்திலுள்ள மருந்தில் தொடச் செய்வது. அடுத்து வந்தது சக்கிமுக்கித் துப்பாக்கி. கல் எஃகில் உரசிப் பொறி தெறிக்கும். மூன்றாவது, 1820ஆம் ஆண்டுகளில் பரவத் தொடங்கியது. மெல்லிய செப்புத் தகட்டாலான சிறு தொப்பி ஒன்றின் உட்புறத்தில் பாதரச பல்மினேட் என்னும் பொருளைச் சிறிதளவு ஒட்டியிருப்பார்கள். துப்பாக்கியின் சுத்தி தட்டியவுடன் அது சுடர்விட்டு உள்ளிருக்கும் மருந்தைப் பற்றவைக்கும். நாட்டுத் துப்பாக்கி வைத்திருக்கும் நம்மவர் இதனைக் கேப்பு என்பர். மழையிலும் காற்றிலும் தவறாது சுடுவதால், 1840ஆம் ஆண்டுகளில் கம்பெனி தன் சிப்பாய்களுக்குச் சக்கிமுக்கித் துப்பாக்கியை மாற்றிக் கேப்புத் துப்பாக்கியை அளித்தது.

இது முன்னேற்றம் என்பதில் ஐயமில்லை. ஆனால் ஒவ்வொரு முன்னேற்றமும் ஒரு புதிய சார்பைக் கொண்டுவருகிறது. திரிக்குப் பருத்திக் கயிறு போதும். சக்கிமுக்கிக்கு ஒரு கல். ஒரே கல் பல முறை சுடும். கேப்புக்கோ பாதரசம் வேண்டும். நம் நாட்டில் பாதரசக் கனிமம் இல்லை. ஸ்பெயினில் அல்மதேன் போன்ற சில சுரங்கங்களே உலகுக்கு அளித்தன. சீரான மெல்லிய செப்புத் தகடும், அதனை ஒரே அளவில் அழுத்தும் எந்திரமும் வேண்டும். கடுமையான அமிலமும், அதனைக் கையாளும் பயிற்சியும் வேண்டும். ஒரு கேப்பு ஒருமுறைதான் பயன்படும்.

கணக்கிட்டுப் பார்ப்போம். பதினாயிரம் வீரர் ஆளுக்கு 20 முறை சுடுவதாகக் கொள்வோம். அக்காலப் படைத் துப்பாக்கிக்கு ஒரு முறைக்கு ஏறக்குறைய 8 கிராம் மருந்து செல்லும். ஆகவே வேண்டிய மருந்து 1,600 கிலோகிராம். அதில் வெடியுப்பு 1,200 கிலோகிராம். சில மாட்டு வண்டிகளில் அடங்கும் சரக்கு அது. வேண்டிய கேப்புகளோ இரண்டு இலட்சம்! எடையிற் சிறியது, ஆனால் ஒன்றுகூட டில்லிக் கடைத்தெருவில் செய்யக்கூடியதன்று. அது கடல் கடந்தோ கம்பெனியின் கிடங்குகளிலிருந்தோதான் வரவேண்டும். அவ்விரு வழிகளும் எதிரியின் கையில் இருந்தன.

பீரங்கியின் கணக்கு நேர்மாறானது. 24 பவுண்டு குண்டை எறியும் முற்றுகைப் பீரங்கிக்குக் குண்டின் எடையில் மூன்றிலொரு பங்கு மருந்து வழக்கம். அதாவது 8 பவுண்டு, ஏறக்குறைய 3.6 கிலோகிராம். ஒரு பீரங்கி ஒருமுறை முழங்கினால் 450 துப்பாக்கி வேட்டுகளின் மருந்து போயிற்று. ஆனால் பீரங்கிக்குக் கேப்பு வேண்டியதில்லை, திரிக்கோலால் பற்றவைக்கலாம். எனவே பீரங்கி மருந்தைத் தின்றது. துப்பாக்கி கேப்பைத் தின்றது.

இதனை மனத்திற்கொண்டால் முற்றுகைச் செய்திகள் சில தெளிவாகின்றன. நகரிலிருந்து ஆங்கிலேயரின் ஒற்றர் அனுப்பிய செய்திகள், மருந்தும் கேப்பும் அருகி வருவதைக் கூறின. அதே வேளையில் கிளர்ச்சியாளரின் பீரங்கிப்படை இறுதிவரையில் வலிமையுடன் முழங்கியதை ஆங்கிலேயரே ஒப்புக்கொண்டனர். பழைய திரித் துப்பாக்கியுடன் வந்த கிராமத்தான், கேப்பு தீர்ந்த சிப்பாயைவிட அந்நாட்களில் ஒரு வகையில் மேலான நிலையில் இருந்தான் என்று கருத இடமுண்டு. அவனுடைய கருவி மெதுவானது. ஆனால் அதற்கு வேண்டிய அனைத்தும் அவன் ஊரிலேயே இருந்தன.

கேப்பு இல்லாமையால்தான் டில்லி வீழ்ந்தது என்பது மிகையாகும். சம்பளம் கொடுக்கப் பணமில்லை, படைகளை ஒன்றாக நடத்தும் தலைமையில்லை, உணவும் குறைந்தது. எதிர்ப்புறத்தில், பஞ்சாபிலிருந்து புறப்பட்ட பெரும் பீரங்கி வரிசை செப்டம்பர் 4ஆம் நாள் மேட்டை வந்தடைந்தது. 14ஆம் நாள் தாக்குதல் தொடங்கி, 20ஆம் நாளில் அரண்மனை பிடிபட்டது. ஆயினும், கிடங்கு வெடித்ததை மட்டும் சொல்லிவிட்டுக் கேப்பைச் சொல்லாமல் விடும் வரலாறு அரைகுறையானது என்றே கூறுவேன்.

பிறநாட்டு அனுபவம்

நான்கே ஆண்டுகளுக்குப்பின் அமெரிக்காவில் இதே நிலை தோன்றியது. கடல்வழி அடைபட்ட தென் மாநிலத்தார் குகைகளின் மண்ணையும் பழைய கட்டிடங்களின் அடிமண்ணையும் கொண்டு வெடியுப்பை ஓரளவு தேடிக்கொண்டனர். அதற்கெனத் தனி அலுவலகமே அமைத்தனர். கேப்புக்குச் செப்பு வேண்டியிருந்தது. 1863ஆம் ஆண்டில் டென்னஸியிலிருந்த செப்புச் சுரங்கங்கள் கைவிட்டுப் போனபோது, கர்ப்பூரத் தைலமும் ஆப்பிள் சாராயமும் காய்ச்சும் செப்புக் கலங்களை ஊர் ஊராகத் திரட்டி, அவற்றைத் தகடாக்கிக் கேப்பு செய்தனர். பின்னர் பாதரசமும் தீர்ந்தது. வேறு கலவைகளை நாடினர். அவர்களிடம் ஆலைகளும் எந்திரங்களும் பயின்ற இரசாயன வல்லுநரும் இருந்ததால் இது கைகூடியது. டில்லியில் நான்கு மாதமே கிடைத்தது, ஆலையும் இல்லை.

வெடியுப்புக்கு நேர்ந்த முடிவையும் இங்கே சொல்லிவிடலாம். 1857ஆம் ஆண்டிலேயே, மேற்சொன்ன லாமட் டு பான்ட், சுரங்கங்களில் பாறை பிளக்கும் மருந்துக்கு இந்திய வெடியுப்புக்குப் பதில் தென் அமெரிக்கப் பாலைவனத்துச் ஸோடியம் நைட்ரேட்டைப் பயன்படுத்தும் முறைக்கு உரிமம் பெற்றார். அது விலை மலிவு. ஆனால் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சுவதால் துப்பாக்கிக்கு ஏற்றதன்று. பின்னர் ஜெர்மனியின் பொட்டாஷ் சுரங்கங்கள் தோன்றியதும், இவ்விரண்டிலிருந்தும் வெடியுப்பையே ஆலையில் செய்தனர். 1913ஆம் ஆண்டில் காற்றிலுள்ள நைட்ரஜனிலிருந்து அம்மோனியா செய்யும் ஹேபர் முறை ஆலைக்கு வந்தது. நோனியரின் பாத்திகள் வறண்டன.

விளையாட்டுத் துறையில்

இன்று எந்தப் படையும் கருமருந்தால் சுடுவதில்லை. ஆயினும் பழந்துப்பாக்கிகளை வாய்வழியே மருந்திட்டுச் சுடுவது பல நாடுகளில் ஒரு பொழுதுபோக்கு விளையாட்டாக நிலைத்திருக்கிறது. அமெரிக்காவில் இதற்கெனத் தேசியச் சங்கம் ஒன்று 1933ஆம் ஆண்டு முதல் உள்ளது. இவர்களுக்கும் அண்மையில் பஞ்சம் வந்தது. அந்நாட்டில் கருமருந்து செய்த ஒரே பெரிய ஆலை லூயிஸியானாவில் இருந்தது. 2021ஆம் ஆண்டு செப்டம்பரில் அதை மூடுவதாக உரிமையாளர் அறிவித்தனர். மறு ஆண்டு வேறொரு நிறுவனம் அதனை வாங்கியது. அதே ஆண்டுகளில் நவீன ரவைகளின் தேவை பெருகியதால், ஆலைகள் அவற்றிற்கே முதலிடம் தர, கேப்பும் அரிதாயிற்று.

இங்கே ஒரு சிக்கல் எழுந்தது. டில்லியின் சிக்கலை நினைவூட்டும் சிக்கல். கருமருந்துக்கு மாற்றாகச் செயற்கை மருந்துகள் விற்பனையில் உண்டு. ஆனால் அவை பற்றுவதற்கு அதிக வெப்பம் வேண்டும். சக்கிமுக்கியின் பொறி அவற்றைச் சரியாகப் பற்றவைப்பதில்லை. ஆகவே மாற்று மருந்தை வாங்கியவருக்குக் கேப்பு தவறாமல் வேண்டும். கேப்பு கிடைக்காமல் சக்கிமுக்கிக்குத் திரும்பியவருக்கு உண்மையான கருமருந்து தவறாமல் வேண்டும். ஒரு பொருளின் தட்டுப்பாட்டிலிருந்து தப்புவோர் மற்றொன்றின் தட்டுப்பாட்டில் விழுந்தனர். இரண்டையும் அளவாக வைத்திருந்தவரும், ஒருநாளில் சுடும் எண்ணிக்கையைக் குறைத்துக்கொண்டு ஒவ்வொரு வேட்டையும் குறித்துவைத்துப் பயின்றவரும், சங்கத்தின் வழியே கூட்டாக வாங்கியவருமே தொல்லையின்றி இருந்தனர். இருப்பு எவ்வளவு என்பதைவிட, எது முதலில் தீரும் என்பதை அறிந்திருப்பது பயன் தந்தது.

நம் நாட்டில் இவ்விளையாட்டு வேரூன்றவில்லை. டில்லி துக்ளகாபாத்தில், 1982ஆம் ஆண்டின் ஆசிய விளையாட்டுக்காக அமைந்து, பின்னர் 2010ஆம் ஆண்டுக்காகப் புதுப்பிக்கப்பட்ட கர்ணிசிங் சுடுகளத்தில் நடப்பவை யாவும் நவீனத் துப்பாக்கிப் போட்டிகளே. வாய்வழி மருந்திடும் துப்பாக்கி இங்கே உழவரின் கருவியாகவே எஞ்சியுள்ளது; பயிர் காப்புக்காக அதற்கு உரிமம் வழங்க 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் இடம் தருகிறது. காட்டுப்பன்றித் தொல்லை உள்ள வட்டாரங்களில் பணிபுரிவோர் இத்துப்பாக்கிகளைக் கண்டிருப்பார்கள். ஆனால் துப்பாக்கிக்குப் பெற்ற உரிமம் விலங்கைக் கொல்லுவதற்கு உரிமை ஆகாது. அதற்கு வனவிலங்குச் சட்டத்தின்படி தனி அனுமதி வேண்டும். மருந்தையும் கேப்பையும் உரிமம் பெற்ற கடையிலேயே வாங்குதல் வேண்டும். கடையில் இல்லையென்றால் வீட்டிலேயே கலந்துகொள்ளலாம் என்னும் எண்ணம் சில இடங்களில் உண்டு. வெடிபொருள்களை உரிமமின்றிச் செய்வது 1884ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டப்படி குற்றம். அதனினும் பெரிது, பயின்றவர் நிறைந்த சூடிவாலான் ஆலைக்கு நேர்ந்தது ஒரு குடிசையில் நேருவதற்கு அதிக நேரம் வேண்டியதில்லை என்பது. இதனைப் பற்றிய உரிமங்களையும் பாதுகாப்பு விதிகளையும் நிர்வகிக்கும் மத்திய அரசாங்க அமைப்பு நாகபுரியைத் தலைமையிடமாகக் கொண்டது; துப்பாக்கி உரிமம் பற்றிய ஐயங்களுக்கு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தை அணுகலாம்.